சீனாவில் அண்ணன் சாப்பிட்டது

செஞ்சி பஜாரில் ரொம்ப நாள் என்னைச் ‘சைனாக்காரரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சீனாவில் இருந்தது மொத்தமே பதினாறு நாள். அதுவும் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவப் போனவன். அந்தப் பதினாறு நாளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருஷம் என் அம்மாவுக்குக் கதை சொன்னேன். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போதாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு தட்டுச் சோற்றால் வந்த வினை.

அண்ணன் என்னைவிட நாலு வயசு பெரியவன். எங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே நைனா இறந்துவிட்டார். ஒரு துண்டு மல்லாட்டைக் கொல்லை, ஒரு பசு, இரண்டு பிள்ளைகள், இவ்வளவுதான் அம்மாவுக்கு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அது விளைகிற புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். அண்ணன் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் கற்றுக்கொண்டான். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனதும் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்கு வாய் அதிகம். அதை நான் சொன்னால்தான் உண்டா, தெருவே சொல்லும்.

ஒரு நாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். “கொல்லைக்கு வாடான்னா வர மாட்டான். தண்டச்சோறு துன்றதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்து குந்திக்குவான்” என்றாள். தினம் சொல்கிற பேச்சுதான். அன்றைக்கு என்ன ஆனதோ, அண்ணன் செம்பை எடுத்தான், சோற்றின் மேலேயே கையைக் கழுவினான், எழுந்துவிட்டான்.

தட்டில் சோறு மீதி இருக்கும்போது அதன் மேல் கை கழுவுவது எங்கள் வீடுகளில் யாரும் செய்கிற காரியமில்லை. அம்மா அலறிவிட்டாள். “சோத்து மேல கைய கழுவறியே பாவி! ஒரு வா சோறு கெடைக்காம அலையப் போற பாரு!” என்றாள்.

அவன் அன்று சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டான். பிறகு ஹாங்காங்கிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அங்கே ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை, சௌக்கியம், தம்பியைப் படிக்க வை என்று எழுதியிருந்தான். அம்மா சௌக்கியமா என்று ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது கடிதம் வரவேண்டிய நேரத்தில் ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்துவிட்டான்.

அன்றிலிருந்து அம்மா ஒருசந்தி பிடிக்க ஆரம்பித்தாள். நாங்கள் வேதக்காரர்கள். ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற நோன்பு. தவசு காலத்தில் எல்லோரும் இருப்போம், உயிர்த்த ஞாயிறன்று கோழி அடித்து முடித்துக்கொள்வோம். இவளுக்கு வருஷம் பூராவும் தவசு காலம். உச்சிவேளையில் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ், அதோடு சரி. “அவன் வயிறு ரொம்புதுன்னு சேதி வரட்டும். அதுக்கப்புறம் எனக்கு சோறு” என்பாள். பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார். “சரிங்க சாமி” என்று சொல்லிவிட்டு வந்து மறுபடியும் அதே கூழ். யுத்தம் முடிந்தபோது அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். மல்லாட்டை பிடுங்கும்போது கொல்லையிலேயே இரண்டு தரம் மயங்கி விழுந்தாள்.

இப்படியே விட்டால் ஆள் தங்கமாட்டாள் என்று தெரிந்தது. அண்ணன் சாப்பிடுகிறான் என்று யாராவது பார்த்துவந்து சொன்னால்தான் அவள் சாப்பிடுவாள். அண்ணனோடு புதுச்சேரியில் வேலை செய்த ஒருவர் மெட்ராஸ் ஹார்பரில் இருந்தார். அவர் காலைப் பிடித்துத்தான் கப்பலில் ஏறினேன். செஞ்சியில் ராஜகிரி மலையைத் தவிர வேறு உயரம் பார்க்காதவன், திண்டிவனத்துக்கு அப்பால் போகாதவன்.

கப்பல் முதலில் ஷாங்காய் போனது. ஹாங்காங் திரும்பி வரும்போதுதான் என்றார்கள். ஷாங்காயில் பன்னிரண்டு நாள் நின்றோம். வேலை முடிந்த மத்தியானங்களில் கரையில் இறங்க விடுவார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு அண்ணன் ஞாபகம் சரியாக வரவேயில்லை. தின்பதற்கே நேரம் போதவில்லை.

என்ன ஊர் அது! தெருவே ஒரு சமையல்கட்டு. தகரப் பீப்பாயில் கரி போட்டு வள்ளிக்கிழங்கு சுடுவார்கள். பல்லைக் கிட்டவைக்கிற குளிரில் அதைக் கையில் வாங்கியதும் தின்ன மனசு வராது, கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். மூங்கில் கூடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஆவியில் கொழுக்கட்டை வேகவைப்பார்கள். நம் கொழுக்கட்டையில் பூரணம் இருக்கிற இடத்தில் அங்கே பன்றிக்கறி, அதோடு ஒரு மடக்குச் சூடான ரசம். தெரியாமல் ஒரே கடியாகக் கடித்தேன். ரசம் பீய்ச்சி அடித்து நாக்கு வெந்தது. கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு பீங்கான் கரண்டியைக் கொடுத்து, முதலில் ஓட்டை போடு, உறிஞ்சு, அப்புறம் கடி என்று ஜாடையில் காட்டினாள். அங்கே சாப்பிடக் கொடுக்கிற இரண்டு குச்சிகள் எனக்குக் கைவரவேயில்லை. கையாலேயே நூடுல்ஸை அள்ளினேன். என்னைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே, எனக்கென்ன!

டிராமில் ஏறி எங்கே போகிறது என்று தெரியாமல் கடைசி ஸ்டாப் வரை போய், அதே டிராமில் திரும்பி வருவேன். ஒரு நாள் மட்டும் ரிக்‌ஷாவில் ஏறினேன். இழுத்தவருக்கு நைனா உயிரோடு இருந்தால் என்ன வயசோ அந்த வயசு இருக்கும். அவர் முதுகில் வேர்வை ஆவியாகப் போவதைப் பார்க்க முடியாமல் பாதியில் இறங்கிக் கூடவே நடந்தேன். அவர் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார். பால் இல்லாத டீ, சர்க்கரையும் கிடையாது, வேப்பந்தண்ணீர் மாதிரி. அதையும் மூன்றாம் நாளிலிருந்து கேட்டுக் குடித்தேன். பிச்சை கேட்டு நின்றவர்களும் தெருவெல்லாம் இருந்தார்கள். பார்த்தேன், பார்த்துவிட்டு நடந்தேன்.

ஹாங்காங் வேறு மாதிரி. மலைமேல் ஊர், தெருவெல்லாம் படி. ராஜகிரி ஏறிப் பழகிய காலுக்கு அது பெரிசில்லை. ஆனால் வீடு வீடாகக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை. கடிதத்தில் இருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டு போனேன். அந்த வீட்டிலும் கதவு இல்லை. உள்ளே தரைப் பலகையைக்கூடப் பெயர்த்திருந்தார்கள். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சீனத்து அம்மாள் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். அண்ணன் ஜாடை என்னிடம் உண்டு. பார்த்துவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக் காட்டி, மேலே ஒரு கோபுரத்தைக் காட்டினாள்.

கோயிலில் ஒரு சீனச் சாமியார் இருந்தார். ஒல்லியான மனுஷர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்து ஒரு கைப்பிடி தேறும். நான் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு பெரிய நோட்டை எடுத்துவந்து பிரித்தார். அது லத்தீனில் எழுதின நோட்டு. எங்கள் பங்கிலும் அதே மாதிரி நோட்டு உண்டு. அதனால் எந்த நோட்டு என்று அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞானஸ்நானம் எழுதுகிற நோட்டு இல்லை, சாவு எழுதுகிற நோட்டு.

காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். குண்டா? இல்லை. அப்புறம் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

மெல்ல மெல்ல மீதியும் தெரிந்தது. வேலை கொடுத்த வெள்ளைக்காரரை ஜப்பான்காரர்கள் சிறையில் போட்டதும் அண்ணன் கோயிலில் வந்து ஒண்டியிருக்கிறான். கோயிலில் ஏழைகளுக்குக் காய்ச்சிய கஞ்சி அவன் கையால்தான் காய்ச்சினது. பிறகு அரிசி நின்றுபோனது. ஊரே கதவையும் ஜன்னலையும் பெயர்த்து விறகாக எரித்தது, ஆனால் அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை. தவிட்டைத் தின்றார்கள், வள்ளிக்கொடி இலையைத் தின்றார்கள். கடைசியில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். சாமியாருக்கு அதற்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியவில்லை. இரண்டு விரலால் மேலோட்டை உடைத்துக் காட்டினார், உள்ளே இருக்கிற பருப்பைக் காட்டினார், இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்தார், எண்ணெய் ஒழுகுவதைக் காட்டினார். பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கையை வாயருகே கொண்டுபோனார்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லாட்டைப் புண்ணாக்கு. எங்கள் வீட்டில் பசுவுக்குத் தொட்டியில் ஊறப்போடுவது.

அண்ணனைப் புதைத்த குழி மேட்டில் முழங்கால் போட்டேன். சாமியார் லத்தீனில் மந்திரம் சொன்னார். நான் எங்கள் கோயிலில் சொல்கிற பதிலையே சொன்னேன். அது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாஷையாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் உள்ளபடி சொன்னதில்லை. படி இறங்கித் துறைமுகத்துக்கு வரும் வழியில் ஒரு கஞ்சிக் கடை இருந்தது. வெள்ளை வெளேரென்று அரிசிக் கஞ்சி, அதில் மெல்லிசாக நறுக்கிய மீன், மேலே இஞ்சியும் வெங்காயத் தாளும். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உட்கார்ந்தேன், ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், இன்னொரு கிண்ணம் வாங்கினேன். அண்ணன் பட்டினியாய்ச் செத்த ஊரில், செய்தி தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள், இரண்டு கிண்ணம். ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். காய்ச்சலில் போய்விட்டான், கடைசிவரை நன்றாகச் சாப்பிட்டான் என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். திண்டிவனத்தில் ரயிலைவிட்டு இறங்கி, கரியில் ஓடுகிற பஸ் பிடித்துச் செஞ்சிக்கு வந்தேன். அம்மா பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். நடக்கத் தெம்பில்லாமல் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படியடா இருக்கே என்றுகூட என்னைக் கேட்கவில்லை.

“அவன் சாப்புடறானாடா?”

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ பறந்துபோனது. “சாப்புடறாம்மா. நல்லா சாப்புடறான்” என்றேன்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு வீட்டில் உலை வைத்துச் சோறு வடித்தாள். ரேஷன் அரிசி, பாதி கல். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் சோறு சாப்பிட்டதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அதைப் பார்த்தபின் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

அப்புறம் கேள்விமேல் கேள்வி. இன்னா சாப்புடறான்? யாரு ஆக்கிப் போடறா? ஷாங்காயில் நான் தின்ற கொழுக்கட்டை, வாத்து எல்லாவற்றையும், ஹாங்காங்கில் தின்ற அந்த மீன் கஞ்சியையும்கூட, அண்ணன் வாயில் ஊட்டினேன். கொழுக்கட்டையைக் கடித்து நாக்கு வெந்தது அவனுக்குத்தான் என்றேன். “அவனுக்கு எப்பவும் அவசரம், சின்னதுலேருந்தே அப்படித்தான்” என்று பூரித்துப்போனாள். பால் இல்லாத டீ என்றதும், “ஏன், அந்த ஊர்ல மாடு கெடையாதா? பாவம், நம்ம பசுவ ஓட்டிக்கினு போய்க் கட்டலாமா?” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அதிகமில்லை. மளிகைக் கடைக்காரர் வரை கதை போய்விட்டது. “வாங்க சைனாக்காரரே, ஒங்க அண்ணன் இன்னிக்கு வாத்து துன்னாரா, மீன் துன்னாரா?” என்பார். நானும் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லிவைப்பேன்.

பொய் ஒன்றோடு நிற்குமா? கடிதம் எழுதச் சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினேன். “நான் சொன்னத மனசுல வெச்சிக்காத ராசா. அது வாய் பேச்சு. ஒரு தரம் வந்து என் கையால சாப்ட்டுட்டுப் போ.” எல்லாக் கடிதமும் இதுதான். தபாலில் போட்டுவிட்டேன் என்று சொல்லி என் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “இன்னும் அவனுக்குக் கோவம் போவலடா. வயிறு ரொம்பியும் கோவம் போவல” என்றாள். உடம்பில் சதை பிடித்திருந்தது, ஆனால் முகம் பழையபடி வாட ஆரம்பித்தது. அவனைக் கோபக்காரனாக்கியது நான்தான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னை அரித்தது. நவம்பர் மாசம், கல்லறைத் திருநாள் வந்தது. நைனாவுக்காகவும் தன்னைப் பெற்றவர்களுக்காகவும் அம்மா பூசை கேட்டாள், கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஓர் ஆத்துமம் காத்துக்கிடக்கும், வீட்டில் இருக்கிறவர்கள் பூசையும் மன்றாட்டும் கொடுத்துத்தான் கரையேற்ற வேண்டும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெற்ற தாயின் மன்றாட்டை அவனுக்குக் கிடைக்காமல் மறித்துக்கொண்டு நான் நின்றேன். உயிரோடு இருந்தபோது சோறு கிடைக்கவில்லை, செத்தபின் இதுவும் இல்லையா?

எங்கள் கோயிலில் பூசை கேட்டால் சாமியார் பெயரை வாசித்துவிடுவார், அம்மா முன்வரிசையில் இருப்பாள். அதனால் அவலூர்பேட்டை பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து நடந்து, எங்களை யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர்க் கோயிலில் அண்ணனுக்கு ஆத்தும பூசை கேட்டேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் ஜனங்களில் அண்ணன் பெயர் வீட்டுக்கு ஒருத்தனுக்கு உண்டு. வெறும் பெயரைச் சொன்னால் பூசையின் பலன் வேறு எவனுக்காவது போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஆண்டவருக்கு ஆள் தெரியாதா? அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. செஞ்சி, இன்னார் மகன், சீனா தேசத்தில் மரித்தவன் என்று ஒன்றுவிடாமல் சொல்லி எழுதிக்கொடுத்தேன். சாமியாரும் ஒன்றுவிடாமல் வாசித்தார். முழங்காலில் இருந்து கேட்டபோது பாரம் இறங்கினது மாதிரி இருந்தது.

அந்த ஊரிலிருந்து ஒரு மிளகாய்க்காரி வாராவாரம் செஞ்சிச் சந்தைக்கு வருகிறவள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த சந்தையன்று மத்தியானம் நான் கொல்லையிலிருந்து வந்தேன். அம்மா மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மிளகாய்ப் பை அவிழ்க்காமல் கிடந்தது. தொட்டியில் புண்ணாக்கு ஊறிக்கொண்டிருந்தது.

“பெரியவனுக்குப் பூச வெச்சியாமே” என்றாள்.

நான் நின்றேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ அவன் சாப்புடலையா?”

“அம்மா...”

“கடைசியா இன்னாதான் துன்னான்? நெசத்த சொல்லுடா. கும்பிடறேன் ஒன்ன.”

சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் கண் என் பேச்சைக் கேட்கவில்லை, அது தொட்டிக்குப் போய்விட்டது. அம்மா என் கண்ணைப் பார்த்தாள், பிறகு தொட்டியைப் பார்த்தாள். கையைத் தொட்டிக்குள் விட்டு ஊறின புண்ணாக்கை ஒரு பிடி எடுத்தாள், கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள், பிறகு மெதுவாகத் திரும்ப அதிலேயே விட்டாள்.

“என் வாயி” என்றாள். “என் வாயில புழு வெக்க.”

வெயில் இறங்கும்வரை அப்படியே இருந்தாள். நானும் எதிரில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். மாடு பசித்துக் கத்தியது. அதற்கப்புறம் அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

“அந்தக் கொழுக்கட்ட, வாத்து, மீன் போட்ட கஞ்சி, அதெல்லாம் நீ சாப்ட்டதா?”

தலையை ஆட்டினேன்.

“சரி” என்றாள். “நீயாவது சாப்ட்டியே.”

உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு வந்து என் முன்னால் வைத்தாள், ஒரு செம்பு தண்ணீரும் பக்கத்தில் வைத்தாள். காலையில் வைத்த குழம்பு. அவளுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மறுபடியும் ஒருசந்திதான், இரண்டு வருஷம், சாகிறவரை. அப்போது எனக்கு அது தெரியாது. எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிசைந்து பிசைந்து, கண்ணீரும் சோறுமாக, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தேன். ஒரு வாய் மீதி வைத்துவிட்டுக் கை கழுவ எனக்குத் தைரியம் வரவில்லை.